பாரமான பந்துதான் அதிகம் குதிக்குமா?

கேள்வியை முதலில் ஒரு தடவை திரும்பச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் வசதியாக இருக்கும். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகளுக்குப் பந்து குதிப்பது பற்றி ஓர் ஆராய்வு செய்துவரச் சொல்லியிருக்கிறார்கள். 'பாரமான பந்து அதிகம் குதிக்கும்' என்று கருதுகோள் எழுதிவிட்டு, வீட்டு முன்னால் சிமெண்டுத் தரையில் 100 செ.மீ. உயரத்திலிருந்து மூன்று பந்துகளை ஒவ்வொன்றும் மூன்று தடவை போட்டிருக்கிறார். எழும்பிய உயரம் செ.மீ. கணக்கில்: காற்பந்து 84, 88, 83. பிங்பாங் பந்து 66, 70, 68. பழைய டென்னிஸ் பந்து 64, 55, 61. பந்தின் உச்சி எட்டிய இடத்தைச் சுவரில் குறித்ததாகவும், அந்த 55 மட்டும் நீங்கள் நின்றபடி பார்த்துச் சொன்னது என்றும் எழுதியிருக்கிறீர்கள். காற்பந்து ஜெயித்ததால் கருதுகோள் சரிபோலத் தெரிகிறது, ஆனால் இறகு மாதிரி இருக்கும் பிங்பாங் பந்து டென்னிஸ் பந்தை மிஞ்சிவிட்டதே, முடிவில் என்ன எழுதுவது என்பது நீங்கள் கேட்டது. என் பார்வையில் உண்மையான கேள்வி வேறு: இந்த ஒன்பது எண்களில் எதை நம்பலாம்? அதற்குப் பதில் கிடைத்தால் முடிவு தானாகவே வந்துவிடும்.

அறிவியல் ஆசிரியர் என்ற முறையில் உங்கள் தாளில் என் கண் முதலில் போன இடம் 'உச்சி' என்ற சொல். பந்தைப் போடும்போது அதன் அடிப்பகுதி 100 செ.மீ. கோட்டில் இருந்திருக்கிறது, திரும்பி எழும்பும்போது மேல்பகுதியைக் குறித்திருக்கிறீர்கள். இடையில் பந்தின் முழு விட்டமும் இலவசமாகச் சேர்ந்துகொண்டது. 5ஆம் எண் காற்பந்தின் சுற்றளவு 68 முதல் 70 செ.மீ., அதாவது விட்டம் ஏறக்குறைய 22 செ.மீ. டென்னிஸ் பந்துக்கு 6.5 செ.மீ.க்குச் சற்றுக் கூடுதல். பிங்பாங் பந்துக்கு 4 செ.மீ. உங்கள் எண்களின் சராசரி காற்பந்துக்கு 85, பிங்பாங்குக்கு 68, டென்னிஸுக்கு 60. விட்டத்தைக் கழித்துப் பாருங்கள்: காற்பந்து 63, பிங்பாங் 64, டென்னிஸ் சுமார் 53. ஜெயித்த பந்து ஜெயிக்கவில்லை. காற்பந்தின் எடை 410 முதல் 450 கிராம், பிங்பாங் பந்தின் எடை 2.7 கிராம். 150 மடங்குக்கு மேல் எடை வித்தியாசம் உள்ள இரண்டு பந்துகள் ஏறத்தாழ ஒரே உயரத்துக்கு எழும்பியிருக்கின்றன. உங்கள் மகளின் தாளில் இருக்கும் மிக அருமையான கண்டுபிடிப்பு இதுதான், வெறும் கழித்தல் கணக்குக்குப் பின்னால் ஒளிந்திருந்தது.

63க்கும் 64க்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துப் பிங்பாங் பந்துதான் முதல் என்று சொல்லலாமா? சொல்லக்கூடாது. ஒரே பிங்பாங் பந்து, ஒரே உயரம், ஒரே தரை, ஆனாலும் 66 முதல் 70 வரை அலைந்திருக்கிறது. காற்பந்து 5 செ.மீ. அலைந்திருக்கிறது. அளவீடே 4, 5 செ.மீ. ஆடும்போது 1 செ.மீ. வித்தியாசத்துக்குப் பொருள் கிடையாது. டென்னிஸ் பந்து மற்ற இரண்டையும்விடக் குறைவாகக் குதித்தது என்பதை ஓரளவு துணிந்து சொல்லலாம், ஏனென்றால் 10 செ.மீ. இடைவெளி அந்த ஆட்டத்தைவிடப் பெரியது. பிள்ளைகளுக்கு இதை இப்படிச் சொல்லிக் கொடுங்கள்: ஒரே பந்தின் எண்கள் தங்களுக்குள் எவ்வளவு தள்ளி நிற்கின்றனவோ, அதைவிடப் பெரிய வித்தியாசத்தை மட்டும்தான் இரண்டு பந்துகளுக்கு இடையில் நம்ப வேண்டும்.

அடுத்து அந்த 55. நின்றபடி பார்த்ததுதான் அதற்குக் காரணம் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். கணக்கு இதோ. உங்கள் கண் தரையிலிருந்து 150 செ.மீ. உயரத்தில், சுவரிலிருந்து 2 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பந்து சுவரிலிருந்து 10 செ.மீ. முன்னால் குதித்து 60 செ.மீ. எட்டுகிறது. கண்ணிலிருந்து பந்து வழியாகப் போகும் பார்வை சாய்ந்து கீழே இறங்கி, சுவரில் ஏறக்குறைய 55ஆம் கோட்டில் போய் விழும். பந்து 20 செ.மீ. முன்னால் இருந்தால் 50 என்றே தெரியும். பந்து குறையவில்லை, நிற்கும் உயரம் குறைத்துக் காட்டியது. இதைத் தவிர்க்க இரண்டு காரியம்: பந்து சுவரை உரசாமல், ஆனால் ஒரு கை அகலத்துக்குள் விழ வேண்டும். பார்ப்பவரின் கண் பந்து எட்டும் உயரத்திலேயே இருக்க வேண்டும். முதல் தடவை சும்மா போட்டு ஏறக்குறைய எவ்வளவு எழும்புகிறது என்று பார்த்துவிட்டு, ஒரு முக்காலியிலோ தரையிலோ உட்கார்ந்து கண்ணை அந்த மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். அதன் பிறகு போடுவதுதான் கணக்கில் சேரும்.

சரியாக உட்கார்ந்தாலும் கண் திணறும். பந்து தன் உச்சியை ஒட்டிய கடைசி 1 செ.மீ.க்குள் ஏறி இறங்க எடுத்துக்கொள்வது 0.09 நொடிதான், கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிடும். அதனால் கைப்பேசியை ஒரு மைலோ டின்மீது சாய்த்து, பந்து எட்டும் உயரத்தில், சுவரிலிருந்து ஒன்றரை இரண்டு மீட்டர் தள்ளி வைத்துக் காணொளி எடுங்கள். மெதுவாக ஓட்டும் வசதி எதுவும் வேண்டாம். சாதாரணக் காணொளி நொடிக்கு 30 படம் எடுக்கும். உச்சியில் பந்து கிட்டத்தட்ட நின்றுவிடுவதால், அடுத்தடுத்த இரண்டு படங்களுக்கு நடுவே உச்சம் விழுந்தாலும் பிழை ஒன்றரை மில்லிமீட்டரைத் தாண்டாது. காணொளியை விரலால் நகர்த்தி, பந்து மிக உயரத்தில் இருக்கும் படத்தில் நிறுத்தி, பந்தின் அடிப்பகுதி எந்தக் கோட்டில் இருக்கிறது என்று மகளே படித்து எழுதட்டும்.

கோடு என்றதும் அளவுகோல் நினைவுக்கு வருகிறது. தையல் டேப்பைச் சுவரில் ஒட்டாதீர்கள், பழைய டேப் நீண்டிருக்கும். மாஜோங் தாள் என்னும் பெரிய வரைதாள் ஒன்றைச் சுவரில் ஒட்டி, தச்சர் பயன்படுத்தும் இரும்பு டேப்பால் தரையிலிருந்து அளந்து, ஒவ்வொரு 5 செ.மீ.க்கும் தடித்த கோடும் நடுவில் மெல்லிய கோடுகளும் போடுங்கள். பூஜ்யம் தாளின் ஓரத்தில் அல்ல, தரையில் தொடங்க வேண்டும். சுவர் அடியில் டைல்ஸ் பட்டை துருத்திக்கொண்டு இருந்தால் தாள் அதன்மேல் ஏறி நிற்கும், அப்போது எல்லா எண்ணும் ஒரே அளவு தப்பாகும்.

போடுவதிலும் ஒழுங்கு வேண்டும். பந்தை உள்ளங்கையில் ஏந்திக் கையைக் கவிழ்த்தால் பந்து சுழலும், சுழன்ற பந்து தரையில் பட்டதும் பக்கவாட்டில் ஓடும். சிறிய பந்தை இரண்டு பக்கமும் விரல் நுனியால் பிடித்து, இரண்டு விரலையும் ஒரே நேரத்தில் விரிக்க வேண்டும். விரலில் வியர்வை இருந்தால் பந்து ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டு கோணலாக விழும், துணியில் துடைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிங்பாங் பந்துக்கு மின்விசிறியை அடைத்துவிடுங்கள். பிள்ளைகள் ஆர்வத்தில் பந்தைக் கீழ்நோக்கி லேசாகத் தள்ளிவிடுவதும் உண்டு. அதைக் கண்டுபிடிப்பது சுலபம்: விட்ட உயரத்தைவிட அதிகமாகப் பந்து எழும்பினால் யாரோ தள்ளியிருக்கிறார்கள். வெறுமனே விடப்பட்ட பந்து அசையாத தரையில் பட்டு, விட்ட இடத்தைத் தாண்டி ஒருபோதும் எழும்பாது.

தரையும் சோதனையில் ஒரு பாகம்தான். டைல்ஸ் தரையென்றால் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். அடியில் சிமெண்டு பிடிக்காத டைல்ஸ் வெற்றுச் சத்தம் கொடுக்கும், அதன்மேல் பந்து குறைவாகக் குதிக்கும். பழைய தோட்டத்து வீடுகளின் பலகைத் தரையிலும் அப்படித்தான், பலகை வளைந்து அதிர்ந்து பந்தின் ஆற்றலில் பங்கு கேட்கும். சிமெண்டில் மணல் துகள் கிடந்தால் பெருக்கிவிட்டு, ஒரு சாக்கட்டி வட்டம் போட்டு, எப்போதும் அந்த வட்டத்துக்குள்ளேயே விழவைக்க வேண்டும். வட்டத்துக்கு வெளியே விழுந்ததைக் கணக்கில் எடுக்காமல் மறுபடி போடலாம், ஆனால் இந்த விதியை முன்கூட்டியே தாளில் எழுதிவைக்க வேண்டும். எண் பிடிக்கவில்லை என்பதற்காகப் பிறகு விதி செய்யக்கூடாது.

பந்து ஏன் குதிக்கிறது என்பதற்கு வருவோம். தரையில் படும் கணத்தில் பந்து அடியில் சப்பையாகிறது. டென்னிஸ் பந்து தரையோடு ஒட்டியிருப்பது ஒரு நொடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரம்தான், அதற்குள் நசுங்கி, நின்று, பழைய வடிவத்துக்குத் திரும்பும் விசையில் தரையை உதைத்து மேலே வருகிறது. நசுங்கும்போது உள்ளே சேர்த்த ஆற்றலில் எவ்வளவைத் திருப்பிக் கொடுக்கிறது என்பதுதான் எழும்பும் உயரம். மிச்சம் வெப்பமாகவும் சத்தமாகவும் தரையின் அதிர்வாகவும் போகிறது. பாரமான பந்து அதிக ஆற்றலோடு வந்து விழுகிறது என்பது உண்மைதான். ஆனால் தன்னை மேலே தூக்கவும் அதே அளவு அதிக ஆற்றல் வேண்டும். வரவும் செலவும் சமமாகக் கூடுவதால் எடை கணக்கிலிருந்து கழன்றுவிடுகிறது. பிங்பாங் பந்தின் மெல்லிய பிளாஸ்டிக் ஓடு நசுங்கித் திரும்பும்போது உள்ளே அதிக உராய்வு இல்லை, டென்னிஸ் பந்தின் ரப்பர் ஓட்டில் அதைவிட அதிகம். களிமண் உருண்டை ஒன்றைப் போட்டுக் காட்டுங்கள்: பாரம் உண்டு, குதிப்பு இல்லை. சப்பையான அடிப்பாகம் அப்படியே நிற்கும், பிள்ளை அதைத் தொட்டுப் பார்க்கலாம்.

உங்கள் எண்கள் நம்பத்தக்கவைதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க, விளையாட்டு விதிகளிலேயே அளவு இருக்கிறது. டென்னிஸ் பந்தை 254 செ.மீ. உயரத்திலிருந்து கான்கிரீட்டில் போட்டால் 135 முதல் 147 செ.மீ. எழும்ப வேண்டும், அதாவது நூற்றுக்கு 53 முதல் 58. பிங்பாங் பந்தை 30.5 செ.மீ.யிலிருந்து இரும்புக் கட்டியில் போட்டால் 24 முதல் 26 செ.மீ., நூற்றுக்கு ஏறக்குறைய 80. பழைய பந்துக்கு 53 என்பது பொருத்தமாகவே இருக்கிறது. பிங்பாங்குக்கு 80 வராமல் 64 வந்தது ஏன்? சிமெண்டு இரும்பு அல்ல என்பது ஒன்று, காற்று இன்னொன்று. 2.7 கிராம் பந்து 1 மீட்டர் விழுவதற்குள் தன் ஆற்றலில் எட்டில் ஒரு பங்கைக் காற்றிடம் இழந்துவிடுகிறது, ஏறும்போது மறுபடியும் இழக்கிறது. டென்னிஸ் பந்துக்கு இந்த உயரத்தில் காற்று பொருட்டே இல்லை.

இனி ஆராய்வை எப்படித் திருத்துவது. மூன்று வெவ்வேறு பந்துகளை ஒப்பிட்டபோது எடை மட்டும் மாறவில்லை. அளவு, பொருள், உள்ளே உள்ள காற்று, மேலே உள்ள உரோமத் துணி எல்லாமே சேர்ந்து மாறின. எது காரணம் என்று இந்தச் சோதனையால் சொல்ல முடியாது, எவ்வளவு கவனமாக அளந்தாலும் முடியாது. பள்ளியில் தற்சார்பு மாறி (நாம் மாற்றுவது), சார்பு மாறி (அதனால் மாறுவதை நாம் அளப்பது), கட்டுப்படுத்தப்பட்ட மாறி (மாறாமல் வைத்துக்கொள்வது) என்று எழுதச் சொல்வது இதற்காகத்தான். நான் பரிந்துரைப்பது: ஒரே டென்னிஸ் பந்து, ஒரே சாக்கட்டி வட்டம், உயரம் மட்டும் 40, 60, 80, 100, 120 செ.மீ. ஒவ்வோர் உயரத்திலும் ஐந்து தடவை. மொத்தம் 25 தடவை, ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். உயரத்தை ஏறுவரிசையில் போடாமல் கலைத்துப் போடுங்கள், இல்லையென்றால் கை பழகுவதும் சேர்ந்து மாறும். கோட்டுக் குறிவரைவில் புள்ளிகள் பூஜ்யத்தைத் தொட்டுப் போகும் நேர்கோட்டை ஒட்டி வரும், எந்த உயரத்திலிருந்து போட்டாலும் பாதிக்குச் சற்று மேல் என்பது கண்ணுக்குத் தெரியும். பிறகு பிங்பாங் பந்தால் அதையே செய்து 2 மீட்டர் வரை போனால் கோடு மேலே போகப்போகச் சாய்ந்து வளையும். அந்த வளைவு காற்று வரைந்தது.

உயரம் சலிப்பாக இருக்கிறது என்று மகள் சொன்னால், தரையை மாற்றலாம்: சிமெண்டு, டைல்ஸ், மண், புல், நாலாய் மடித்த துண்டு, சிமெண்டின்மேல் வைத்த ஜப்பான் சிலிப்பர் (ரப்பர்ச் செருப்பு). இதற்குப் பட்டைக் குறிவரைவுதான் பொருத்தம். சிமெண்டுக்கும் புல்லுக்கும் நடுவே எந்தத் தரையும் இல்லாதபோது புள்ளிகளைக் கோடு போட்டு இணைப்பது அர்த்தமில்லாதது.

வெப்பநிலையும் நல்ல தலைப்பு, ஆனால் கைப்பக்குவம் கேட்கும். பந்தை ஐஸ் பெட்டியின் உறைநிலைப் பகுதியில் இரண்டு மணி நேரமாவது வைக்க வேண்டும், மேல் தோல் மட்டும் குளிர்ந்தால் போதாது. வெளியே எடுத்ததும் நம் ஊர்க் காற்றின் ஈரம் பந்தின்மேல் படியத் தொடங்கும், ஈரப் பந்து வழுக்கும். துடைத்துவிட்டு அரை நிமிடத்துக்குள் ஒரு தடவை போட்டு, திரும்ப உள்ளே வைத்து, கால் மணி கழித்து அடுத்த தடவை. மூன்று பந்துகளை மூன்று வெப்பநிலையில் வைக்காதீர்கள், பந்துக்குப் பந்து உள்ள வித்தியாசம் நுழைந்துவிடும். ஒரே பந்தைக் காலையில் சாதாரண நிலையிலும் மாலையில் குளிரவைத்தும் சோதியுங்கள். குளிர்ந்த பந்து குறைவாகக் குதிக்கும், இது உறுதி. டென்னிஸ் பந்தில் உள்ளே அடைத்த காற்றின் அழுத்தமும் குறைகிறது, ரப்பரும் மந்தமாகிறது. இரண்டில் எது எவ்வளவு என்று பிரிக்க வேண்டுமென்றால், உள்ளே காற்று இல்லாத முழு ரப்பர் பந்தை எடுக்க வேண்டும்.

ரப்பர் பேச்சு வந்ததால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் கோலகங்சாரில்தான் 1877இல் ரப்பர் கன்றுகளை நட்டார்கள். அந்த மண்ணில் வளரும் பிள்ளை 'ரப்பர் என்றால் குதிக்கும்' என்று மேலோட்டமாக எழுதாமல் கொஞ்சம் உள்ளே போகலாம். மரத்தின் வெட்டுக் காயத்திலும் பால் பிடிக்கும் மங்கின் விளிம்பிலும் காய்ந்த ஒட்டுப்பாலை நாடாவாக உரித்து, இழுத்து இழுத்துச் சுற்றி உருண்டையாக்கினால் நன்றாகக் குதிக்கும் பந்து கிடைக்கும். அதே எடைக்கு லாரி டியூப்பை மெல்லிய பட்டைகளாக வெட்டிச் சுற்றி இன்னொரு பந்து செய்யுங்கள். டியூப் பெரும்பாலும் பியூட்டைல் என்னும் செயற்கை ரப்பர். காற்றைப் பிடித்து வைப்பதில் கெட்டி, ஆற்றலைத் திருப்பிக் கொடுப்பதில் கஞ்சம். ஒரே எடை, ஏறக்குறைய ஒரே அளவு, இரண்டும் ரப்பர், ஆனால் எழும்பும் உயரம் வேறு. எடைபற்றிய உங்கள் மகளின் முதல் கருதுகோளுக்கு இதைவிடத் தெளிவான எதிர்ச் சோதனை கிடையாது. ஒட்டுப்பால் பந்தை வெயிலில் விட்டுவிடாதீர்கள், பிசுபிசுத்துப் போகும், ஓர் இரவு மேசையில் கிடந்தாலே அடி சப்பையாகிவிடும். 1839இல் சார்ல்ஸ் குட்இயர் கந்தகம் சேர்த்துச் சூடாக்கும் வழியைக் கண்டது இந்தக் குறைகளைப் போக்கத்தான்.

முடிவு எழுதும்போது, கருதுகோள் ஏற்கப்படவில்லை என்றே எழுதட்டும். அதனால் புள்ளி குறையும் என்ற பயம் வேண்டாம், காரணத்தோடு மறுத்த கருதுகோளை எந்த நல்ல ஆசிரியரும் மதிப்பார். 'இந்த மூன்று பந்துகளில் எடை கூடியதற்கேற்ப உயரம் கூடவில்லை' என்ற ஒரு வரி போதும். 'எடைக்கும் குதிப்புக்கும் சம்பந்தமே இல்லை' என்று அதற்கு மேல் போனால், மூன்று பந்து தாங்காத பாரத்தை அதன் தலையில் வைப்பதாகிவிடும். பழைய தாளைக் கிழிக்காமல் புதிய தாளுக்குப் பின்னால் இணையுங்கள். அந்த 55ஐ அழிக்க வேண்டாம், பக்கத்தில் 'அம்மா நின்றுகொண்டு படித்தது' என்று பென்சிலால் குறித்துவைக்கச் சொல்லுங்கள்.